சிரித்தபடி விடைபெறுவோம்!

ஜப்பானின் பள்ளி நிறைவு விழாக்களில் உற்சாகப் பாடல்கள் இடம்பிடித்த கதை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஜப்பானில் பாட்டுச் சத்தம் கேட்காத பள்ளிக்கூடமே இல்லை. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மாதத் தொடக்கத்தில் மேல்நிலைப் பள்ளிகள், நடுவில் நடுநிலைப் பள்ளிகள், இருபதாம் தேதி வாக்கில் தொடக்கப் பள்ளிகள் என்று அடுத்தடுத்து நிறைவு விழாக்கள் நடக்கும். ஆறு வயதுக் குழந்தைகளை அனுப்பிவைக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் தனி விழா உண்டு.

விழா நடப்பது பெரும்பாலும் பள்ளியின் உள்விளையாட்டு அரங்கத்தில். முந்தின வாரம்வரை கூடைப்பந்து ஆடிய மரத்தரையில் விரிப்பு போட்டு, மடக்கு நாற்காலிகளை நூல் பிடித்தாற்போல் வரிசையாக அடுக்குவார்கள். சுவரைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட திரை தொங்கும். குளிர் இன்னும் விட்டிருக்காது. பெற்றோர் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பாசிரியர் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயர் காதில் விழுந்ததும் ‘ஹாய்’ என்று உரக்கச் சொல்லி எழுந்து, மேடையேறி, இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கி, குனிந்து வணங்கி இறங்க வேண்டும். நூற்றைம்பது பேர் என்றால் நூற்றைம்பது முறையும் இதே ஒழுங்கு. பிறகு தலைமையாசிரியர் உரை, இளைய மாணவர் ஒருவரின் வழியனுப்பு உரை, விடைபெறுவோர் சார்பில் பதிலுரை. அதுவரை முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பாடுவதற்காக எழுந்து பெற்றோர் பக்கம் திரும்பும்போதுதான் அரங்கத்துக்கே உயிர் வருகிறது.

அவர்கள் பாடுவது எந்தப் பாட்டு? அதை யார் தேர்ந்தெடுத்தார்கள்? யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கான பதில் நூற்று நாற்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறியிருக்கிறது. இன்று ஜப்பானியப் பிள்ளைகள் துள்ளலான பாப் பாட்டோடு பள்ளி வாசலைக் கடக்கிறார்கள் என்றால், அது திடீரென்று வந்த நாகரிகம் இல்லை.

குருவுக்கு ஒரு பாட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானை ஆண்ட மெய்ஜி அரசு நாடு முழுக்கப் பள்ளிகளைத் திறந்தபோது பாட்டும் பாடத்திட்டத்தில் இருந்தது. ஆனால் சொல்லிக்கொடுக்கப் பாட்டும் இல்லை, ஆளும் இல்லை. இஸாவா ஷூஜி என்ற இளம் கல்வியாளரை அரசு 1875-இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. மாசசூசெட்ஸில் ஆசிரியர் பயிற்சி படித்த அவருக்கு எல்லாப் பாடமும் வந்தது. மேற்கத்தியச் சுரவரிசை மட்டும் தொண்டையில் ஏற மறுத்தது. பாஸ்டன் பள்ளிகளில் இசை கற்பித்துவந்த லூதர் வைட்டிங் மேசனிடம் தனியாகப் போய்க் கற்றுக்கொண்டார். அந்தப் பழக்கத்தில், நாடு திரும்பியதும் இசைக்கல்விக்கென்று 1879-இல் அமைந்த அரசுத் துறைக்கு மேசனையே ஜப்பானுக்கு வரவழைத்தார். பாடத் திணறிய மனிதர்தான் ஒரு நாட்டையே பாடவைத்தார் என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம்.

அவர்கள் தொகுத்த தொடக்கப் பள்ளிப் பாட்டுப் புத்தகங்களிலிருந்துதான் நிறைவு விழாவின் இரண்டு பழம்பெரும் பாடல்கள் வந்தன. ஒன்று ‘ஹொதாரு நோ ஹிகாரி’. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல் மின்மினி வெளிச்சத்திலும் பனியின் வெளிச்சத்திலும் படித்த சீன அறிஞர்களின் கதையைச் சொல்லும் வரிகளை, ‘ஆல்ட் லாங் சைன்’ என்ற ஸ்காட்லாந்து மெட்டில் அமைத்தார்கள். அந்த மெட்டு ஜப்பானியக் காதுக்கு உடனே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதில் ஐந்தே சுரங்கள்; நமக்கு மோகனமாகக் கேட்கும் அதே ஐந்து. ஜப்பானிய நாட்டுப் பாடல்களும் ஐந்து சுரத்தில் ஊறியவை. கடைகள் இரவில் மூடும் நேரத்தை அறிவிக்க இன்றும் இதே மெட்டின் வால்ட்ஸ் வடிவத்தைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள்.

மற்றொன்று 1884-இல் வெளிவந்த ‘அவொகெபா தோதோஷி’. ஆசிரியரின் அருளை அண்ணாந்து போற்றும் பாட்டு. இதன் மெட்டு எங்கிருந்து வந்தது என்பது நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிராகவே இருந்தது. 1871-இல் அமெரிக்காவில் அச்சான ஒரு பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் அதன் மூலத்தை ஹிதோட்சுபாஷி பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் சகுராய் மஸாதோ 2011-இல் கண்டுபிடித்தார். ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது தைவானுக்குப் போன இந்தப் பாட்டு, ஆட்சி போன பிறகும் அங்கே சீன வரிகளோடு பள்ளி விழாக்களில் நிலைத்துவிட்டது.

இரண்டும் அழகான மெட்டுகள். ஆனால் அவற்றின் முகம் மேல்நோக்கியது: ஆசிரியருக்கு நன்றி, படித்து முன்னுக்கு வந்து பெயரெடுக்க வேண்டிய கடமை, நாட்டுக்கு விசுவாசம். ஹொதாருவின் பிற்பகுதியில் நாட்டின் எல்லைத் தீவுகளைக் காக்கச் சொல்லும் பத்திகள்கூட இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவற்றைப் பாடுவதை விட்டுவிட்டார்கள். அவொகெபாவில் முன்னுக்கு வந்து பெயரெடுக்கச் சொல்லும் இரண்டாம் பத்தியையும் பல பள்ளிகள் தவிர்த்தன.

நிறைவு விழாவின் வரலாற்றை ஆராய்ந்து ஆரிமோதோ மாகி 2013-இல் எழுதிய நூல் இங்கே உதவுகிறது. விழாவில் கண்ணீர் தானாக வந்ததில்லை, பாட்டும் ஒத்திகையும் சேர்ந்து பள்ளிகள் அதை வளர்த்தெடுத்தன என்று அவர் காட்டுகிறார். வாரக்கணக்கில் ஒரே மெட்டைப் பயிற்சி செய்து, ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே குரலில் பாடினால் எவருக்கும் நெஞ்சு நெகிழும். அழுவதைப் பழக்க முடியும் என்றால் சிரித்துப் பிரிவதையும் பழக்கலாம் இல்லையா? பின்னால் வந்த தலைமுறைகள் செய்தது அதைத்தான்.

வாசலில் போலீஸ் நின்ற காலம்

1979 அக்டோபரில் டி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘மூன்றாம் வகுப்பு பி பிரிவு கின்பாச்சி சென்செய்’ என்ற தொடர் தொடங்கியது. நீண்ட தலைமுடியும் உரத்த குரலுமாக ஆசிரியர் கின்பாச்சியாக நடித்த தகேதா தெட்சுயா, கைஎன்தாய் என்ற இசைக்குழுவின் பாடகரும்கூட. தொடருக்காக அந்தக் குழு பாடிய ‘ஒகுரு கொதொபா’ அடுத்த மார்ச்சிலேயே பள்ளிகளுக்குள் நுழைந்துவிட்டது. தன் காதல் தோல்வியை வைத்துத்தான் அந்த வரிகளை எழுதினேன் என்று தகேதாவே சொல்லியிருக்கிறார். மாணவர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. தொலைக்காட்சியில் கேட்ட பாட்டை, தாங்களாக விரும்பிய பாட்டை விழா மேடையில் பாட முடிந்ததே பெரிய மாற்றம்.

அதே ஆண்டுகளில் பள்ளிகள் கொந்தளித்துக்கொண்டிருந்தன. நடுநிலைப் பள்ளிகளில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன, ஆசிரியர்கள் தாக்கப்பட்டார்கள். 1980களின் முற்பகுதியில் சில ஊர்களில் நிறைவு விழா வாசலில் போலீஸை நிறுத்தியே விழாவை நடத்தினார்கள். 1985-இல் ‘சொட்சுக்யோ’ (பள்ளி நிறைவு) என்ற ஒரே தலைப்பில் வெவ்வேறு பாடகர்களின் பாட்டுகள் போட்டி போட்டு வெளிவந்தன. அவற்றில் ஒஸாகி யுதாகா பாடியது பள்ளியின் கட்டுப்பாடுகள் மீதான கோபத்தின் குரல். சைதோ யுகி பாடியது அழாமல் பிரியும் ஒரு பெண்ணின் மெல்லிய குரல். அதே நேரத்தில் ஒன்யாங்கோ கிளப் என்ற பெண்கள் குழுவிலிருந்து ஒருவர் விலகினால் அதையும் பள்ளி முடிப்பதாகவே சொல்லும் வழக்கம் பரவியது. இன்றும் பெண்கள் பாப் குழுக்களில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். பள்ளி விழாவும் பாப் இசையும் ஒன்றின் வீட்டுக்குள் ஒன்று குடிபுகுந்த காலம் அது.

சிச்சிபு மலையடியில்

டோக்கியோவுக்கு வடமேற்கே சைதாமா மாகாணத்தில் சிச்சிபு என்ற மலையூர். சுண்ணாம்புக்கல்லுக்காகப் பல்லாண்டுகளாக வெட்டப்பட்டு முகம் மாறிப்போன புகோ மலையின் அடிவாரத்தில் ககேமோரி நடுநிலைப் பள்ளி இருக்கிறது. 1980களின் இறுதியில் கொஜிமா நொபோரு தலைமையாசிரியராக வந்தபோது அங்கும் ஒழுங்கு குலைந்திருந்தது. தண்டனையால் சரிசெய்ய அவர் முயலவில்லை. பாட்டுக் கேட்கிற பள்ளியாக இதை மாற்றுவோம் என்றார். சேர்ந்து நின்றவர் இசையாசிரியை சகமோதோ ஹிரோமி. முதலில் பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. வகுப்பு வகுப்பாகப் பாடவைத்து, சேர்ந்து பாடும் நேரங்களைக் கூட்டி, மூன்று ஆண்டுகள் விடாமல் உழைத்ததில் பள்ளியின் சுபாவமே மாறியது.

1991 பிப்ரவரியில், அந்த ஆண்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று ஹிரோமிக்குத் தோன்றியது. பாட்டு எழுதித் தருமாறு தலைமையாசிரியரிடம் கேட்டார். ‘எனக்கு அந்தத் திறமை இல்லை’ என்கிற ரீதியில் அவர் மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் ஹிரோமியின் மேசையில் வரிகள் எழுதிய காகிதம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு இசை வகுப்பறைக்குப் போய்ப் பியானோ முன் உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் மெட்டு வந்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார்.

அதன் பெயர் ‘தாபிதாச்சி நோ ஹி நி’, புறப்படும் நாளில். மூன்றாம் ஆண்டு மாணவர்களை வழியனுப்பும் கூட்டத்தில் ஆசிரியர்கள் மேடையேறி மாணவர்களுக்காகப் பாடினார்கள். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நூறாண்டாகப் பிள்ளைகள் ஆசிரியரைப் போற்றிப் பாடிய விழாவில், ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பார்த்துப் பாடுகிறார்கள்! ஒரே ஒரு முறை பாடுவதற்காகச் செய்த பாட்டு அது. அந்த மார்ச்சோடு கொஜிமா ஓய்வு பெற்றார்.

ஆனால் அடுத்த ஆண்டு மாணவர்கள் அந்தப் பாட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இசைக்கல்விப் பத்திரிகை ஒன்றில் அச்சாகி, மட்சுய் தகாவோ சேர்ந்திசைக்கு ஏற்றபடி குரல் பிரித்துக் கொடுத்த பிறகு, ஊர் ஊராகப் பரவியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழைய இரண்டு பாடல்களையும் பின்னுக்குத் தள்ளி, நாட்டின் நிறைவு விழாப் பாட்டு என்றாலே இதுதான் என்றாகிவிட்டது. கொஜிமா 2011 ஜனவரியில் தமது 80-ஆவது வயதில் காலமானார்.

இந்தப் பாட்டு ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்பதை அதன் அமைப்பே சொல்லும். தாழ்ந்த சுரத்தில், எல்லாரும் ஒரே குரலில், மலையையும் வானத்தையும் பார்த்து நிதானமாகத் தொடங்குகிறது. தோழமையை நினைக்கும் நடுப்பகுதியில் குரல்கள் பிரிகின்றன. கடைசிப் பகுதிக்கு வந்ததும் வேகம் கூடுகிறது: பெண்குரல்கள் ஒரு வரியை எடுக்க, ஆண்குரல்கள் அதைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்கின்றன. அரங்கத்தில் இதைக் கேட்கும்போது சொல் புரியாதவருக்கும் ஒன்று தெரியும்: இவர்கள் நின்று அழவில்லை, ஓடத் தொடங்கிவிட்டார்கள். பாட்டின் சோகமும் மகிழ்ச்சியும் சொல்லில் இருப்பதைவிட வேகத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சிச்சிபுவின் மியூஸ் பார்க் பூங்காவில் இந்தப் பாட்டுக்கென்றே ஒரு மேடு உண்டு. அங்கே நடந்து போனால் ககேமோரிப் பிள்ளைகள் பாடிய பதிவு தானாக ஒலிக்கும்.

பதினைந்து வயதின் குரல்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சாதாரண அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எப்படி மூன்று குரலில் சேர்ந்திசை பாடுகிறார்கள்? நடுநிலைப் பள்ளி முடியும்வரை இசை கட்டாயப் பாடம். அதற்கும் மேல், பல பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு நடக்கும் சேர்ந்திசைப் போட்டி இருக்கிறது. நடத்துபவர் மாணவர், பியானோ வாசிப்பவர் மாணவர். பெண் பிள்ளைகள் இரண்டு குரல் பிரிவாக நிற்பார்கள். குரல் உடைந்துகொண்டிருக்கும் ஆண் பிள்ளைகள் ஒரு பிரிவு. ஆண்கள் வாய் திறக்கவில்லை என்று பெண்கள் சண்டை போடுவதும், ஒருநாள் யாரோ ஒருவன் உரக்கப் பாட ஆரம்பித்து வகுப்பே மாறிப்போவதும் அந்த நாட்டில் ஒவ்வொருவரும் சொல்லும் பள்ளிக் கதை. மார்ச்சில் நாம் கேட்பது அந்தச் சண்டையும் சமாதானமும் சேர்ந்த குரல்.

பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1932-இல் தொடங்கிய பள்ளி இசைப் போட்டியும் இதற்கு ஒரு தூண். 2008-இல் நடுநிலைப் பள்ளிகளுக்கான போட்டிப் பாட்டை எழுதும் பொறுப்பைப் பாப் பாடகி ஏஞ்சலா அகியிடம் கொடுத்தார்கள். பதின்வயதில் தனக்குத்தானே எழுதிவைத்த கடிதத்தை அவருடைய முப்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா அனுப்பிவைத்தார்; அதிலிருந்து பிறந்ததுதான் பதினைந்து வயதுக்காரருக்கு எழுதிய கடிதமாக வரும் ‘தெகாமி’. அடுத்த ஆண்டு இகிமோனோககாரி குழுவின் ‘எல்’, 2013-இல் யூஸு இரட்டையரின் ‘தோமோ’. போட்டிக்குப் பழகிய பிள்ளைகள் அதே பாட்டை நிறைவு விழாவுக்கும் கொண்டுவந்தார்கள். பாப் பாட்டு பள்ளிக்குள் திருட்டுத்தனமாக நுழைய வேண்டிய தேவை அத்தோடு முடிந்தது.

கல்யாணப் பாட்டும் சேரும்

நிறைவு விழாவுக்கென்று எழுதாத பாட்டுகள்தான் அங்கே அதிகம் நிலைத்திருக்கின்றன. யமனாஷி மாகாணத்தைச் சேர்ந்த மூன்று நண்பர்களின் குழு ரெமியோரோமென். மார்ச் 9-ஆம் தேதி கல்யாணம் செய்துகொண்ட தங்கள் தோழர்களுக்காக அவர்கள் செய்த பாட்டுதான் ‘மார்ச் 9’. 2004-இல் அதே தேதியில் வெளியானது. மறு ஆண்டு ‘ஒரு லிட்டர் கண்ணீர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் மாணவர்கள் அதைச் சேர்ந்து பாடும் காட்சி வர, கல்யாணப் பாட்டு பள்ளிப் பாட்டாகிவிட்டது. வீட்டை விட்டுப் புதிய வீட்டுக்குப் போகிறவருக்குச் சொல்வதும் பள்ளியை விட்டுப் போகிறவருக்குச் சொல்வதும் ஒன்றுதானே. நன்றி, இனி புது நாட்கள், நீ பக்கத்தில் இருந்தாய்.

ஸ்பிட்ஸ் குழுவின் ‘சோரா மோ தொபேரு ஹஸு’ 1994-இல் வெளிவந்தபோது பெரிதாக எடுபடவில்லை. 1996-இல் ‘ஹகுசென் நகாஷி’ என்ற தொடரின் பாட்டானதும் முதலிடத்துக்கு ஏறியது. அந்தத் தொடரின் தலைப்பு கிஃபு மாகாணத்துத் தகயாமா ஊரின் ஹிதா மேல்நிலைப் பள்ளி வழக்கத்திலிருந்து வந்தது. நிறைவு நாளில் ஆண்கள் தொப்பியில் சுற்றியிருக்கும் வெள்ளைப் பட்டையையும் பெண்கள் சீருடைக் கழுத்துத்துணியையும் அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிச்சிட்டு நீளக் கயிறாக்கி, பள்ளிக்கு முன்னால் ஓடும் ஆற்றில் விடுகிறார்கள். மார்ச் முதல் நாளில் அங்கே கரையோரம் பனி கிடக்கும். முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளின் படங்கள் ஆண்டுதோறும் செய்திகளில் வருகின்றன. பறக்க முடியும் என்று பாடும் ஸ்பிட்ஸின் பாட்டு அதற்குப் பொருத்தம்.

சகுரா என்னும் செர்ரி மலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொரியாமா நவோதாரோ, கொபுகுரோ, கெட்சுமெய்ஷி, இகிமோனோககாரி என்று 2003-இலிருந்து சில ஆண்டுகளுக்குள் ‘சகுரா’ என்ற பெயரிலேயே ஹிட் பாட்டுகள் வரிசைகட்டின. கேட்பவருக்கு விழா நாளில் மலர் உதிர்வதாகத் தோன்றும். ஆனால் டோக்கியோவில் சகுரா பூக்கத் தொடங்கும் சராசரித் தேதியே மார்ச் 24. சப்போரோவில் மே 1. விழா நடக்கும்போது பெரும்பாலான ஊர்களில் கிளைகளில் மொட்டுதான் இருக்கும், வடக்கே பனிதான் இருக்கும். மலர் பாட்டில் மட்டும் முன்னதாகவே பூத்துவிடுகிறது. இந்தச் சகுரா பாட்டுகள் நல்லவைதான் என்றாலும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முப்பது வயதின் ஏக்கத்தைப் போர்த்திவிடுகின்றன என்பது என் எண்ணம். அந்த வயதுக்குத் துள்ளல்தான் நேர்மையான உணர்வு.

நூறு சிநேகிதர்கள்

துள்ளல் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க மழலையர் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே அழுவது அம்மாக்கள் மட்டும். பிள்ளைகளுக்கு முதுகில் மாட்டப்போகும் புதுப் பையின் நினைப்பு. அவர்கள் பாடும் பாட்டுகளில் ஒன்று ‘இச்சினென்செய் நி நத்தாரா’. ஒன்றாம் வகுப்புக்குப் போனால் நூறு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா, அவர்களோடு மலையில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று கேட்கும் பாட்டு. எழுதியவர் 1994-இல் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது பெற்ற கவிஞர் மாதோ மிச்சியோ. மெட்டமைத்த யமமோதோ நவோஸுமிதான் ‘தோரா-சான்’ திரைப்படங்களுக்கும் இசையமைத்தவர். ‘தோகி தோகி தோன்! இச்சினென்செய்’ இன்னும் வேகம். நெஞ்சு படபடப்பதையே தாளமாக்கிக் குழந்தைகள் கத்திப் பாடுவார்கள்.

தொடக்கப் பள்ளிகளில் ‘யூகி ஹ்யாகுபாசென்டோ’வுக்குத் தனி இடம். நிஞ்சாப் பள்ளிப் பிள்ளைகளின் கதையைச் சொல்லும் ‘நிந்தாமா ரந்தாரோ’ என்ற கார்ட்டூனுக்காக 1993-இல் ஹிகாரு கெஞ்சி குழு பாடியது. கார்ட்டூன் இன்றும் ஓடுகிறது; பாடும் குழு மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. அதனால் மேடையில் நிற்கும் பிள்ளைக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம்.

வாசல்வரை வரும் பாட்டு

விழாவில் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று. எல்லாம் முடிந்து பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக அரங்கத்தை விட்டு வெளியேறும்போது ஒலிபெருக்கியில் வரும் பாட்டு வேறு. உற்சாகப் பாடல்களின் சொந்த இடம் இதுதான். இதற்குத் தேவைகளும் தனி. நடைக்குத் தாளம் பொருந்த வேண்டும், முன்னிசை நீண்டு இழுக்கக் கூடாது, கைதட்டலுக்கு மேல் கேட்க வேண்டும், பெற்றோரும் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். மக்கிஹாரா நோரியுகி எழுதி ஸ்மாப் குழு பாடிய ‘செகாய் நி ஹிதோட்சு தகே நோ ஹானா’ 2003-இல் வெளியாகி முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. ஒவ்வொரு மலரும் தனக்கான நிறத்தோடு இருந்தால் போதும் என்று சொல்லும் அந்தப் பாட்டு, முன்னுக்கு வா என்று அழுத்திய மெய்ஜிப் பாட்டுக்கு நேர் எதிர். அராஷி குழுவின் ‘ஹேப்பினஸ்’ கைதட்டலோடு ஓடும். ஃபுகுஷிமாவின் கோரியாமாவில் பல் மருத்துவம் படித்தபோது சேர்ந்து, முகத்தைக் காட்டாமலே புகழ்பெற்ற கிரீன் குழுவின் ‘கிசெகி’ காதல் பாட்டு. அதையும் பிள்ளைகள் நட்புப் பாட்டாகவே பாடுகிறார்கள்.

இவற்றில் நேரடியாக விழாவையே பாடுவது ஏ.கே.பி.48 குழுவின் ‘கிவ் மீ ஃபைவ்!’. 2012 பிப்ரவரியில் வந்தது. ஆடிப் பாடும் பெண்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கிடார், டிரம்ஸ் எல்லாவற்றையும் தாங்களே வாசித்தார்கள். கட்டிப்பிடித்து அழ வேண்டாம், உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிப் பிரிவோம் என்பதுதான் அதன் சேதி. பதின்வயதுப் பிள்ளைகளின் நட்பைத் தெரிந்தவர் எழுதிய பாட்டு அது.

பாப் பாட்டைப் பள்ளியில் பாடக் கட்டணம் உண்டா என்று கேட்கலாம். ஜப்பானின் பதிப்புரிமைச் சட்டம் 38-ஆவது பிரிவின்படி, லாப நோக்கமும் நுழைவுக் கட்டணமும் இல்லாமல், பாடுபவருக்குச் சம்பளமும் கொடுக்காமல் நடக்கும் நிகழ்ச்சியில் தடையில்லாமல் பாடலாம். அந்த ஒரு பிரிவு இல்லாவிட்டால் இத்தனை பாட்டுகள் பள்ளிக்குள் வந்திருக்காது.

பாட முடியாத மார்ச்

2011 மார்ச் 11 பிற்பகலில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. ஃபுகுஷிமா அணுஉலையிலிருந்து இருபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்த மினமிசோமா நகரின் ஒதாகா நடுநிலைப் பள்ளி இருந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பேரலை அந்தப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களில் சிலரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் நாடெங்கும் சிதறினார்கள். எஞ்சிய சிலர் வேறொரு பள்ளிக் கட்டடத்தில் இடம்பெற்றுப் படித்தார்கள். இசையாசிரியை ஒதா மிகி, பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதையும் எழுதியதையும் சேர்த்துவைத்து, அவற்றிலிருந்தே ஒரு பாட்டைக் கட்டினார். 2013 மார்ச்சில் அவர்கள் விழாவில் பாடிய அந்த ‘குஞ்ஜோ’ இன்று நாடு முழுக்கப் பள்ளிகளில் பாடப்படுகிறது. துயரத்தில் பிறந்த பாட்டு, கடைசியில் மறுபடி சந்திப்போம் என்ற உறுதியில் உயர்ந்து நிற்கிறது. உற்சாகம் என்பது கவலை தெரியாதவர்களின் சொத்து என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை கேட்க வேண்டும்.

பிறகு 2020. பிப்ரவரி 27 அன்று பிரதமர் அபே ஷின்ஸோ நாட்டின் எல்லாப் பள்ளிகளையும் மார்ச் 2 முதல் மூடுமாறு கேட்டுக்கொண்டார். விழாக்கள் சுருங்கின. இளைய மாணவர்கள் வரவில்லை, பெற்றோரும் பல இடங்களில் வர முடியவில்லை. சேர்ந்து பாடுவது தொற்றைப் பரப்பும் என்பதால் முதலில் வெட்டப்பட்டது பாட்டுதான். மாதக்கணக்கில் பயிற்சி செய்த பாட்டைப் பிள்ளைகள் வாய் மூடி உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டார்கள். அந்த ஏப்ரலில் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தவர்கள் மூன்று ஆண்டும் முகக்கவசத்தோடே படித்து, 2023 மார்ச்சில் வெளியேறினார்கள். அந்த விழாவில்தான் பலருக்கு ஒருவர் முகத்தை ஒருவர் முழுதாகப் பார்க்கக் கிடைத்தது.

சான்றிதழ் கொடுப்பதை அந்த ஆண்டுகளில் பெரும்பாலான பள்ளிகள் நிறுத்தவில்லை. பாட்டுதான் நின்றது. விழாவில் எது குறைகிறது என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இதைப் படிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் அடுத்த பிரிவுபசார விழாவில் பாட்டை ஒலிநாடா பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். எந்தப் பாட்டு என்று பிள்ளைகளையே கேளுங்கள். அவர்கள் துள்ளலான சினிமாப் பாட்டைக் கேட்டாலும் மறுக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள், இரண்டு குரலாகப் பிரித்துச் சொல்லிக்கொடுங்கள், பாடாமல் பின்வரிசையில் நிற்கும் பையனை முன்னால் கூப்பிடுங்கள். முடிந்தால், ககேமோரி ஆசிரியர்கள் செய்ததைப் போல நீங்களும் மேடையேறி அவர்களுக்காக ஒரு பாட்டுப் பாடுங்கள்.